தென்னையின் காலமும் திரையின் காலமும்: ஹையான் புயலுக்குப் பிந்தைய கிழக்கு விசாயாச் சிற்றூர்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

2013 நவம்பர் 8 அன்று பிலிப்பைன்ஸ் நாட்டின் கிழக்கு விசாயாப் பகுதியைத் தாக்கிய ஹையான் புயல், அந்நாட்டின் அண்மைக்காலத் திரைப்படங்களில் வலுவான தடத்தைப் பதித்துள்ளது. பிரில்லாந்தே மெண்டோசாவின் ‘தக்லுப்’ (2015), லாவ் டியாசின் ‘புயலின் பிள்ளைகள்: முதல் நூல்’ (2014), கார்லோ பிரான்சிஸ்கோ மனாதாதின் ‘வானிலை நன்றாக இருக்கும்போது’ (2021) ஆகிய மூன்று படங்களும் அப்பேரிடரைப் பொதுநினைவில் நிறுத்தியவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இம்மூன்றும் தக்லோபன் நகரையும் அதன் கடற்கரையையும் களமாகக் கொண்டவை. அதே புயலில் தென்னையை இழந்த உள்நாட்டுச் சிற்றூர்களின் மீட்சி இவற்றின் சட்டகத்துக்கு வெளியே நிற்கிறது. இந்த விடுபடல் இடம் சார்ந்தது மட்டுமன்று, காலம் சார்ந்ததும் ஆகும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். தமிழ்த் திணைக் கோட்பாட்டின் நிலம், பொழுது, உரிப்பொருள் ஆகிய கருத்தாக்கங்கள் இதனை விளக்கும் கருவிகளாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: ஹையான் புயல், கிழக்கு விசாயா, தென்னை வேளாண்மை, வாரக்குடி, மீட்சி, இருத்தல், இரங்கல், பிலிப்பைன்ஸ் திரைப்படம்.

1. முன்னுரை

பேரிடர் குறித்த கலைப்படைப்புகளை மதிப்பிடும்போது, அவை துயரத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டின என்பதே பெரும்பாலும் அளவுகோலாகிறது. துயரம் முடிந்த பின் தொடங்கும் நீண்ட காலத்தை அவை எவ்வாறு கையாண்டன என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. இந்த இரண்டாம் வினா பொருட்படுத்தத்தக்கது. இடிந்த வீடு, கரையேறிய கப்பல், பிணங்களைத் தேடும் உறவினர் ஆகிய காட்சிகள் சில வாரங்களுக்கு உரியவை. விழுந்த தென்னைக்கு மாற்றாக நட்ட கன்று காய்க்கும் வரையிலான வாழ்வு ஆறு முதல் எட்டு ஆண்டுகளுக்கு உரியது. முதலாவது காலம் கலையில் பதிவாகி, இரண்டாவது பதிவாகாமல் போகும்போது, ‘மீண்டுவிட்டார்கள்’ என்ற முடிவு மிக விரைவாக எட்டப்படுகிறது. அம்முடிவின் இழப்பைச் சுமப்பவர்கள் தாமதமாக மீள்பவர்கள்.

இக்கட்டுரை முதலில் புயலுக்கும் தென்னைக்கும் உள்ள உறவை விளக்குகிறது. அடுத்து மூன்று படங்களின் இட, கால அமைப்பை ஆராய்கிறது. பின்னர் மீட்சியைக் குறிக்கும் சொற்களையும் நில உறவுகளையும் கருத்திற்கொண்டு, அவ்விடுபடலின் பொருளை மதிப்பிடுகிறது.

2. புயலும் தென்னையும்

ஹையான் புயலுக்குப் பிலிப்பைன்ஸ் வானிலைத் துறை இட்ட பெயர் யோலாண்டா. அது 2013 நவம்பர் 8 அதிகாலை கிழக்குச் சமார் மாகாணத்தின் கிவான் ஊரில் முதலில் கரையைக் கடந்தது. அமெரிக்கக் கூட்டுப் புயல் எச்சரிக்கை மையம் அதன் உச்ச வேகத்தை மணிக்கு 315 கிலோமீட்டர் எனக் கணித்தது. அரசின் கணக்குப்படி இறந்தோர் 6,300 பேர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காணாமற் போயினர். சேதமுற்ற வீடுகள் 10 லட்சத்துக்கும் மேல். உயிரிழப்பின் பெரும்பகுதி லெய்டே தீவில் நிகழ்ந்தது. தக்லோபன் நகரில் கடல் ஐந்து மீட்டருக்கும் மேலாக எழுந்து குடியிருப்புகளுக்குள் புகுந்தது. உலக ஊடகங்கள் அந்நகரில் குவிந்தமைக்கு இதுவே காரணம்.

கடல் நீர் எட்டாத மேட்டு ஊர்களை அடித்தது காற்று. அங்கே உயிரிழப்பு ஒப்பீட்டளவில் குறைவு. மர இழப்பு மிகுதி. சுமார் 3 கோடியே 30 லட்சம் தென்னைகள் சேதமுற்றன அல்லது அழிந்தன என்றும், 10 லட்சத்துக்கும் மேற்பட்ட தென்னை விவசாயிகள் பாதிப்புற்றனர் என்றும் ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பு தெரிவித்தது. பிலிப்பைன்ஸ் உலகின் முதன்மையான தேங்காய் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளுள் ஒன்று. கிழக்கு விசாயா அதன் முக்கியத் தென்னைப் பகுதிகளுள் ஒன்று.

அப்பகுதியின் சிற்றூர்களில் தென்னை ஒரு பயிர் என்பதைவிட ஒரு வருமான ஒழுங்கு என்பதே பொருந்தும். ஆண்டு முழுவதும் காய்க்கும் மரம் என்பதால், குறிப்பிட்ட இடைவெளியில் காய்களைப் பறித்து, உடைத்து, புகையடுப்பில் உலர்த்திக் கொப்பரையாக விற்பர். அந்தப் பணம் அரிசிக் கடனையும் பள்ளிச் செலவையும் தீர்க்கும். பாளையைச் சீவி இறக்கும் ‘துபா’ என்னும் கள், லெய்டேயில் மரப்பட்டைச் சாயம் சேர்த்துச் செந்நிறமாக்கப்பட்டுச் சந்தைக்குச் செல்லும். பறிப்பவர், உரிப்பவர், சுமப்பவர், உலர்த்துபவர், கள் இறக்குபவர் எனப் பலர் ஒரே தோப்பைச் சார்ந்திருப்பர். ஆகவே ஒரு தோப்பு விழும்போது அதன் உரிமையாளர் மட்டும் வருமானம் இழப்பதில்லை.

நெல்லின் நிலை வேறு. புயலுக்குப் பிந்தைய டிசம்பர், ஜனவரி நடவுப் பருவத்துக்குள் விதை கிடைத்தால் சில மாதங்களில் அறுவடை வந்துவிடும். விதை நெல் வழங்கும் திட்டங்கள் இதனை நோக்கமாகக் கொண்டே விரைவுபடுத்தப்பட்டன. வயல் உடையவனின் மீட்சியை ஒரு பருவத்தில் அளக்கலாம். தோப்பை நம்பியவனின் மீட்சியை அவ்வாறு அளக்க இயலாது. விழுந்த மரங்களை அகற்றாவிட்டால் அவற்றின் அழுகும் தண்டுகளில் காண்டாமிருக வண்டு பெருகி, எஞ்சிய மரங்களையும் புதிய கன்றுகளையும் தாக்கும். எனவே நடுவதற்கு முன்பே வெட்டி அகற்றும் வேலை உண்டு. அதற்கு இயந்திர வாளும் எரிபொருளும் கூலியும் தேவை. ஒரே புயல், ஒரே ஊரில், இரு வேறு நீளமுடைய காலங்களைத் தொடங்கி வைத்தது.

3. மூன்று திரைப்படங்கள்

3.1 ‘தக்லுப்’

கான் திரைப்பட விழாவில் 2015ஆம் ஆண்டு ‘அன் செர்டன் ரிகார்ட்’ பிரிவில் திரையிடப்பட்ட இப்படம், தக்லோபனில் உயிர் தப்பிய மூவரின் வாழ்வைப் பின்தொடர்கிறது. நோரா அவுனோர் ஏற்ற பெபெத் பாத்திரம், சிறு உணவுக்கடை நடத்தியவாறே காணாமற்போன தன் பிள்ளைகளின் உடல்களை மரபணுச் சோதனை வழியே தேடுகிறது. மனைவியை இழந்த லாரி சமயப் பற்றில் அடைக்கலம் தேடுகிறான். பெற்றோரை இழந்த எர்வின் தன் இளைய தங்கையைக் காக்க முயல்கிறான். மெண்டோசாவின் கையடக்கப் படக்கருவி கூடாரங்களுக்கு இடையே நடந்து செல்கிறது. பார்வையாளர் எங்கும் நின்று மூச்சுவிட இயலாத நெருக்கம் இப்படத்தின் பலம்.

காலம் குறித்த இக்கட்டுரையின் வினாவுக்குப் பெபெத்தின் கதையே மிக அருகில் வருகிறது. அவள் காத்திருக்கிறாள். அக்காத்திருப்பு அலுவலகப் படிகளையும் சோதனை முடிவுகளையும் சார்ந்தது. எனினும் அது பின்னோக்கிய காத்திருப்பு: இறந்தவர் உறுதியாக இறந்தார் என்று அறிவதற்கானது. அறிந்த பின் அவள் எதனைக் கொண்டு வாழ்வாள் என்ற வினாவுக்குக் கடை ஒன்று ஏற்கெனவே படத்தில் இருக்கிறது. நகரில் உழைப்பின் கருவி சிறியது. விரைவில் மீண்டும் நிறுவத்தக்கது. தோப்பு அத்தகையதன்று.

3.2 ‘புயலின் பிள்ளைகள்: முதல் நூல்’

லாவ் டியாசின் இந்த ஆவணப்படம் கறுப்பு வெள்ளையில், விவரணைக் குரலின்றி, நீண்ட காட்சிகளால் அமைந்தது. கரையேறிய கப்பல்களின் நிழலில் பிள்ளைகள் இடிபாடுகளைத் தோண்டுகின்றனர், நீர் சுமக்கின்றனர், விளையாடுகின்றனர். சேதத்தை விளக்காமல், சேதத்துக்குள் ஒரு நாள் எவ்வளவு நீளமானது என்பதை இப்படம் உணர்த்துகிறது. மூன்று படங்களுள் காலத்தை ஒரு பொருளாகவே எடுத்துக்கொண்டது இதுதான். ‘முதல் நூல்’ என்ற துணைத்தலைப்பும் மீட்சி முடிவடையாதது என்ற எண்ணத்தை உட்கொண்டுள்ளது.

ஆயினும் டியாசின் நீட்சி ஒரு நாளின் நீட்சியாகும். ஒரே செயல் முடியும் வரை படக்கருவி காத்திருக்கும். ஆண்டுகள் கடப்பதால் நேரும் மாற்றத்தை இம்முறை தானாகவே தந்துவிடாது. நட்ட கன்றை எவ்வளவு நேரம் நோக்கினாலும் ஒரே காட்சிக்குள் அது வளராது. இவ்வடிவம் காத்திருப்பின் சுமையைக் காட்டவல்லது. காத்திருப்பின் கணக்கை, அதாவது ஒவ்வோராண்டும் கூடும் கடனையும் குறையும் வாய்ப்பையும் காட்ட அதற்கு வேறு உத்திகள் வேண்டும்.

இங்கே டியாசின் முந்தைய படம் ஒன்று ஒப்புநோக்கத்தக்கது. 2006 நவம்பர் 30 அன்று பிக்கோல் பகுதியைத் தாக்கிய துரியான் புயலில் மயோன் எரிமலையின் சேற்றுப் பெருக்கு ஊர்களைப் புதைத்தது. அந்த நிலத்தில் எடுக்கப்பட்ட ‘மாய உயிர்களின் நாட்டில் மரணம்’ (2007) ஏறத்தாழ ஒன்பது மணிநேரம் நீள்வது. புதையுண்ட தன் ஊருக்கு அயல்நாட்டிலிருந்து திரும்பும் கவிஞன் அதன் மையப் பாத்திரம். புனைவினூடே உண்மையான ஊராரின் சொற்களும் இடம்பெறுகின்றன. சிற்றூர்ப் பேரிடரைப் பெருங்கால அளவில் அணுக இயலும் என்பதற்கு இப்படம் சான்று. எனினும் திரும்பி வந்த கலைஞனின் மனச்சிதைவும் நாட்டின் அரசியல் வன்முறையுமே அதன் அச்சு. ஊர் மீண்டும் உழைப்பைத் தொடங்கும் விதம் அங்கும் பின்னணியாகவே நிற்கிறது.

3.3 ‘வானிலை நன்றாக இருக்கும்போது’

மனாதாதின் படம் வாராய் மொழியில் தலைப்பிடப்பட்டது என்பதே அதன் முதற் சிறப்பு. புயல் கடந்த உடனடி நாள்களில், மிகேல், அவன் தோழி ஆண்ட்ரியா, தாய் நோர்மா ஆகியோர் மணிலாவுக்குச் செல்லும் கப்பலை அடைவதா, நகரிலேயே தங்குவதா என்ற தெரிவை எதிர்கொள்கின்றனர். இன்னொரு புயல் வருகிறது என்ற வதந்தி அவர்களை விரட்டுகிறது. இப்படம் நடப்பியலைத் துறந்து, கனவின் ஒழுங்கின்மையைக் கையாள்கிறது. புயலுக்கு எட்டு ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்தும், அது முதல் சில நாள்களுக்கே திரும்பிச் செல்கிறது என்பது கவனத்துக்குரியது. 2014இல் நட்ட தென்னங்கன்று காய்க்கத் தொடங்கும் ஆண்டில், திரைப்படத்தின் கண் இன்னும் முதல் வாரத்திலேயே நிலைத்திருந்தது.

4. நிலமும் பொழுதும்: இரங்கலும் இருத்தலும்

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொள்கிறது. இரண்டையும் பிரித்து நோக்காமல் இணைத்து நோக்குவது அதன் தனித்தன்மை. அகப்பாடலுக்குரிய இவ்விலக்கணம் பிலிப்பைன்ஸ் கலைக்கு விதியாகாது. ஆயினும் ஒரு படைப்பு எந்த நிலத்தையும் எந்தப் பொழுதையும் சேர்த்துத் தெரிவு செய்கிறது என்று வினவ அது உதவுகிறது.

மூன்று படங்களின் நிலம் கடற்கரை நகர். அவற்றின் பொழுது, நாள்களாலும் வாரங்களாலும், மிஞ்சினால் மாதங்களாலும் ஆனது. அவற்றின் உணர்வு இழந்ததை எண்ணி ஏங்குதல். திணை மரபின் சொல்லால் கூறினால், இவை நெய்தலின் இரங்கலுக்கு நெருங்கியவை. கடல் கொண்டவரை நினைந்து கரையில் நிற்பவரின் குரல் இம்மூன்றிலும் ஒலிக்கிறது. அக்குரல் உண்மையானது, அதன் கலைத்தரமும் ஐயத்துக்கு அப்பாற்பட்டது.

மேட்டு நிலத் தென்னை ஊர்களின் நிலையை விளக்க இரங்கல் போதாது. அங்கே மையமானது இருத்தல், அதாவது ஆற்றியிருத்தல். முல்லையின் உரிப்பொருளான இருத்தல் ஓர் உறுதியைச் சார்ந்தது: கார்ப்பருவம் வரும், பிரிந்தவன் மீள்வான். பருவத்தின் வாக்குறுதியே காத்திருப்பைப் பொறுக்கத்தக்கதாக்குகிறது. தென்னையை நட்டவரின் இருத்தலும் அத்தகைய வாக்குறுதியைச் சார்ந்ததே. மூதுரையில் தென்னை, செய்த உதவி எப்போது திரும்பும் என ஐயுற வேண்டாம் என்பதற்கு உவமையாகிறது. தளராமல் நிற்கும் மரம் உரிய காலத்தில் தரும் என்பது அதன் அடிப்படை.

கிழக்கு விசாயாவின் சிக்கல் இங்கேதான் கூர்மையடைகிறது. அங்கே பருவம் வாக்குறுதி தருவதில்லை. அச்சுறுத்தலும் பருவத்தோடு சேர்ந்தே வருகிறது. ஹையானுக்கு ஓராண்டு கழிந்த நிலையில், 2014 டிசம்பர் 6 அன்று ஹகுபிட் புயல் கிழக்குச் சமாரின் டொலோரெஸ் ஊரில் கரையைக் கடந்தது. 2021 டிசம்பரில் ராய் புயல் தெற்கு லெய்டே உள்ளிட்ட விசாயாப் பகுதிகளைத் தாக்கியது. ஆறு முதல் எட்டு ஆண்டு காத்திருப்பு என்பது, அதற்குள் இன்னொரு பெரும் புயல் வாராது என்ற பந்தயமும் ஆகும். தளராமல் நிற்றல் என்ற நிபந்தனையே உறுதியில்லாதபோது, இருத்தல் தன் மரபுப் பொருளை இழக்கிறது. இரங்கலுக்கும் இருத்தலுக்கும் இடைப்பட்ட இந்த உணர்வுக்கு வடிவம் காண்பதே இப்பேரிடரைத் தொடும் கலையின் தீர்க்கப்படாத பணியாக உள்ளது.

5. மீட்சியின் சொற்கள்

பேரிடரில் சொல் உயிர் சார்ந்தது. ஹையானுக்கு முன் விடுக்கப்பட்ட எச்சரிக்கைகளில் கடல் எழுச்சியைக் குறித்த ஆங்கிலத் தொடர் பலருக்கு விளங்கவில்லை; சுனாமி என்று சொல்லியிருந்தால் வெளியேறியிருப்போம் என்று உயிர் தப்பியோர் பலர் பின்னர் கூறியது பரவலாகப் பதிவாகியுள்ளது. 1897ஆம் ஆண்டிலேயே சமாரையும் லெய்டேயையும் ஒத்த புயல் தாக்கியதை இயேசு சபை அறிஞர் ஹோசே அல்கே நூலாகப் பதிவு செய்திருந்தார். நிகழ்வின் பதிவு நூலில் இருந்தது. மக்களின் அன்றாடச் சொல்லில் இல்லை.

புயலுக்குப் பின் வேறு சொற்கள் வந்தன. வாராய் மொழியில் எழுந்து நிற்றலைக் குறிக்கும் ‘திண்டொக்’ என்ற சொல் நகரின் பெயரோடு இணைந்து முழக்கமாயிற்று. 2013 டிசம்பரில் அரசு வெளியிட்ட மறுசீரமைப்பு ஆவணம் ‘முன்னினும் சிறப்பாகக் கட்டியெழுப்புதல்’ என்பதை முன்வைத்தது. 2014 அக்டோபரில் ஒப்புதல் பெற்ற விரிவான திட்டத்தின் மதிப்பு 16,790 கோடி பெசோ. அதன் குடியிருப்பு இலக்கு 2,05,128 வீடுகள். இவற்றோடு ‘தாங்கும் திறன்’ என்ற பாராட்டும் மக்கள்மீது ஓயாது சூட்டப்பட்டது.

இச்சொற்களின் வினைகளை நோக்கினால் ஓர் ஒற்றுமை புலப்படும். எழுதல், கட்டுதல் ஆகிய இரண்டும் தொடக்கமும் முடிவும் உடைய வினைகள். அவற்றுக்குத் திறப்பு விழா உண்டு; நிழற்படம் உண்டு. நடுதல், காத்தல், காத்திருத்தல் ஆகிய வினைகளுக்கு அத்தகைய முடிவுப் புள்ளி இல்லை. ‘தாங்கும் திறன்’ என்ற பாராட்டு மேலும் சிக்கலானது. தாங்கியவரின் பொறுமை அவரது பண்பாகப் போற்றப்படும்போது, அவர் ஏன் அவ்வளவு காலம் தாங்க நேர்ந்தது என்ற வினா மறைகிறது. லெய்டேயில் ‘திக்லோஸ்’ எனப்படும் கூட்டுழைப்பு மரபும் இவ்வாறே புகழப்படுகிறது. ஒருவர் நிலத்தில் அனைவரும் உழைத்து, முறைவைத்து மற்றவர் நிலத்துக்குச் செல்லும் இவ்வழக்கம் உண்மையான வளம். ஆனால் உழைப்பைப் பகிரலாம். இல்லாத நிலத்தைப் பகிர இயலாது.

6. யாருடைய தென்னை?

தோப்பின் காலம் உயிரியலால் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று. கிழக்கு விசாயாவின் தென்னை விவசாயிகளில் பலர் வாரக்குடிகள் அல்லது கூலி உழைப்பாளர்கள். விளைச்சலில் ஒரு பங்கே அவர்களுக்கு உரியது. 1988ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தச் சட்டம் இவ்வுறவை மாற்ற முற்பட்டும் அதன் செயலாக்கம் முழுமையடையவில்லை. இந்நிலையில் ‘மீண்டும் நடுக’ என்ற அறிவுரை யாருக்கு உரியது என்ற வினா எழுகிறது. தென்னை அரை நூற்றாண்டுக்கும் மேல் நிற்கும் மரம். பிறர் நிலத்தில் அதனை நடுவதற்கு நிலத்தாரின் இசைவு வேண்டும். இடைக்காலத்தில் கிழங்கும் காய்கறியும் ஊடுபயிராக விளைவிக்கவும் அதே இசைவு வேண்டும். நிலம் உடையவர் அதனை வேறு பயனுக்கு மாற்ற முடிவு செய்தால், வாரக்குடியின் இழப்பு மரத்தோடு நில்லாது. உழும் உறவும் முடிந்துவிடும்.

மரத்தை எண்ணுவதில் அரசு முன்பே அக்கறை காட்டியுள்ளது. 1995ஆம் ஆண்டின் சட்டம், அனுமதியின்றித் தென்னையை வெட்டுவதைத் தடை செய்கிறது. மரத்துக்குப் பதிவு உண்டு. மரத்தைச் சார்ந்த உழைப்பாளிக்கு அத்தகைய பதிவு எளிதில் கிடைப்பதில்லை. உதவி மரக் கணக்கை ஒட்டிச் செல்லும்போது, உரிப்பவரும் சுமப்பவரும் கள் இறக்குபவரும் கணக்குக்கு வெளியே நிற்கின்றனர்.

இதனோடு தென்னைத் தீர்வை நிதியின் வரலாறும் சேர்கிறது. 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும், மார்க்கோஸ் ஆட்சியில், கொப்பரை விற்பனையின்போது விவசாயிகளிடம் தீர்வை பிடிக்கப்பட்டது. அந்நிதி விவசாயிகளின் நலனுக்கெனத் திரட்டப்பட்டது. ஆட்சிக்கு நெருங்கியோரின் முதலீடுகளாக மாறியது. பல்லாண்டு வழக்குகளுக்குப் பின் 2012இல் உச்ச நீதிமன்றம் அதன் பெரும்பகுதியைத் தென்னை விவசாயிகளின் நலனுக்குரிய அரசுச் சொத்தாக அறிவித்தது. 2013இல் புயல் தாக்கியபோது அப்பணம் விவசாயிகளின் கையை எட்டவில்லை. 2014இல் 71 தென்னை விவசாயிகள் தெற்கிலுள்ள தாவோவிலிருந்து தலைநகர் மணிலாவுக்கு நடந்தே சென்று அந்நிதியைக் கோரினர். அவர்களின் வழி, விழுந்த தோப்புகள் நிறைந்த லெய்டேயையும் சமாரையும் ஊடறுத்துச் சென்றது. அந்நிதிக்கான அறக்கட்டளைச் சட்டம் 2021இல்தான் கையொப்பமானது.

விசாயாத் தென்னை விவசாயியின் இருத்தல், ஆகவே, புயலோடு தொடங்கவில்லை. அவர் முன்பே காத்திருந்தவர். புயல் பழைய காத்திருப்பின்மேல் புதிய காத்திருப்பை ஏற்றியது. மூன்று படங்களும் புயலைத் தொடக்கமாகக் கொண்டதால் இந்த அடுக்கு அவற்றில் இடம்பெறவில்லை. நகரின் துயரம் ‘அன்று காலை’ தொடங்கியது என்று சொல்ல இயலும். ஊரின் துயரத்தை அவ்வாறு சொல்வது வரலாற்றுப் பிழையாகும்.

7. எதிர்வாதமும் மறுமொழியும்

தக்லோபனைப் பற்றி எடுத்த படத்தில் மேட்டு ஊரைத் தேடுவது முறையா என்ற மறுப்பு எழலாம். ஒரு படைப்பை அது எடுத்துக்கொள்ளாத பொருளுக்காகக் குறைகூறுதல் திறனாய்வு அன்று. இம்மறுப்பு தனித்தனிப் படங்களைப் பொறுத்தவரை ஏற்கத்தக்கது. மெண்டோசா, டியாஸ், மனாதாத் ஆகியோர் எவரும் புயலின் முழுமையைக் கூறுவதாக உரிமை கோரவில்லை. மிகுதியான உயிர்கள் போன இடத்தில் கலை முதலில் நிற்பதும் அறமே.

ஆயின் மூன்று படங்களைச் சேர்த்து நோக்கும்போது எழும் வினா வேறு. ஒரு பேரிடரின் பொதுநினைவு ஒரே நிலத்தையும் ஒரே பொழுதையும் சுற்றி உறையும்போது, அந்நிலம் மீண்டதும் பேரிடரே முடிந்ததாகத் தோன்றும். நகரின் சந்தைகளும் கடைகளும் திறந்துவிட்டன என்பதால் மாகாணம் மீண்டுவிட்டது என்று கொள்ளப்படும். இது இயக்குநர்களின் குறை அன்று. நாடகத்துக்குரிய நிகழ்வை நாடும் கதை வடிவத்தின் இயல்பு. காய்க்காத மரத்தடியில் கழியும் ஐந்தாம் ஆண்டில் ‘நிகழ்வு’ எதுவும் இல்லை. மகள் படிப்பை நிறுத்துகிறாள், மகன் நகருக்கு வேலை தேடிச் செல்கிறான், கொப்பரை வணிகரிடம் கடன் கூடுகிறது. இவை தனித்தனியே சிறியவை. இவற்றின் தொகையே ஒரு சமூகத்தின் மீட்சி அல்லது தேய்வு.

8. தமிழ்ச் சூழலுக்குரிய பொருத்தம்

2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி முதலிய பகுதிகளின் தென்னைகளை வீழ்த்தியது. தமிழ்நாடு அரசு மரம் ஒன்றுக்கு 1,100 ரூபாய் அறிவித்தது. அதில் 600 ரூபாய் நிவாரணம். 500 ரூபாய் வெட்டி அகற்றும் செலவு. இங்கும் அளவு மரமே. தேங்காய் உரிப்பவர், கீற்று முடைபவர், மட்டை சுமப்பவர் ஆகியோரின் இழப்பை மரக் கணக்கு நேரடியாகச் சொல்லாது. விசாயா ஊர்களைப் பற்றி எழுப்பிய வினாக்கள் காவிரிக் கடைமடைக்கும் பொருந்தும்.

தமிழ் இவ்வினாவை எழுப்பத் தகுந்த மொழி. தென்னங்கன்றைத் ‘தென்னம்பிள்ளை’ என்றும், நட்டு வளர்த்ததை ‘வைத்த பிள்ளை’ என்றும் வழங்குவது ஊர்வழக்கு. பெற்ற பிள்ளையைப் போலவே வைத்த பிள்ளையும் முதுமையில் சோறிடும் என்பது அதன் உட்பொருள். அச்சொல்லில் வளர்ப்பின் ஆண்டுகள் அடங்கியுள்ளன. ‘நிவாரணம்’ துயர் நீக்கலையும், ‘மீட்பு’ ஆபத்திலிருந்து எடுத்தலையும் சுட்டும். இரண்டும் உடனடிச் செயல்கள், செய்பவர் வெளியார். ‘மீட்சி’ மீளுதலைச் சுட்டும். அதன் எழுவாய் பாதிக்கப்பட்டவரே. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால், நிவாரணம் முடிந்த நாளையே மீட்சியின் நாளாகக் கருதும் பிழை நேர்கிறது. கலைச்சொல் ஆய்வு இவ்வேறுபாட்டைப் பேணுதல் வேண்டும்.

9. முடிவுரை

ஹையான் குறித்த மூன்று திரைப்படங்களும் இரங்கலின் கலையாகச் சிறந்தவை. பெபெத்தின் தேடலும், டியாசின் நீண்ட காட்சிகளும், மனாதாதின் கனவுலகும் இழப்பின் உண்மையைக் குறைவின்றி உணர்த்துகின்றன. அவற்றின் நிலமும் பொழுதும் கடற்கரை நகரின் முதல் மாதங்களோடு பிணைந்துள்ளதால், தோப்பை நம்பிய ஊர்களின் இருத்தல் அவற்றில் வடிவம் பெறவில்லை. அந்த இருத்தல் மூன்று அடுக்குகளை உடையது: கன்று காய்க்கும் வரையிலான ஆண்டுகள், நிலத்தாரின் இசைவைச் சார்ந்த நிலையின்மை, புயலுக்கும் முன்பே தொடங்கிய நிதி உரிமைப் போராட்டம். இம்மூன்றையும் காணாத மீட்சிக் கதை, முதலில் எழுந்தவரையே ஊர் என்று கொள்ளும்.

பேரிடர்ப் படைப்புகளை ஆராய்வோர், படைப்பு எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிகிறது என்பதையும், அதற்குப் பின் யாருடைய காத்திருப்பு தொடர்கிறது என்பதையும் மதிப்பீட்டின் பகுதியாகக் கொள்ளல் வேண்டும். ஆண்டுதோறும் அதே தோப்புக்குத் திரும்பிச் செல்லும் ஆவணப்படம், கடன் குறிப்பேட்டையும் நடவுக் கணக்கையும் கதைப்பொருளாக்கும் புனைவு, ஊராரே தம் காலத்தைக் கூறும் வாய்மொழிப் பதிவு ஆகியன இவ்விடைவெளியை நிரப்பத்தக்க வடிவங்கள். கஜாவுக்குப் பிந்தைய கடைமடைத் தோப்புகளில் தமிழ் ஆய்வாளர்கள் இப்பணியை இன்றே தொடங்க இயலும். அன்று நட்ட பிள்ளைகள் காய்க்கத் தொடங்கியிருக்கும் காலம் இது. எவரது தோப்பில் காய்த்தன, எவர் தோப்பை விட்டுச் சென்றுவிட்டனர் என்று எண்ணிப் பார்ப்பதற்கும் உரிய காலம் இதுவே.